நான்காவது தட்டு

“இன்று உண்போர் எத்தனை பேர்?” என்று அளவடுப்பு கேட்டது.

“நாலு” என்றாள் வடிவம்மாள்.

“ஆவுடையப்பன், வடிவம்மாள், இளமதி, பரமானந்தம். சரியா?”

“சரிதான். பத்த வை.”

ஆவுடையப்பன் அவளுடைய கணவன், இளமதி மகள், பரமானந்தம் மாமனார். அவர் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அடுப்புக்கு அது தெரியாது. பட்டியலில் பெயர் இருக்கும் வரை நான்கு பேருக்கான அரிசி அதன் குழாயிலிருந்து கொட்டும். அது வேகும் அளவுக்குத் தீ எரிந்து தானாக அணையும். பிறகு மீதிச் சூட்டிலேயே பானை அடங்கும்.

2071-இல் ஏழாயிரம்புதூரின் எல்லா வீட்டிலும் இதுதான் முறை. சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு தட்டுக்கும் கீழே ஒரு தட்டுணரி இருக்கும். அதற்கு அந்த வீட்டாரின் கைகள் தெரியும். தெரியாத கை வந்து சாப்பிட்டால், பட்டியலில் சாப்பிடாமல் மிச்சமிருக்கும் பெயரில் அதை எழுதிக்கொள்ளும். தட்டில் ஒதுக்கியதை எடைபோட்டு ஊண்மதிக்கு அனுப்பும். ஊண்மதி என்பது நகரத்துச் சமையலையெல்லாம் கவனிக்கும் கணிப்பொறி. அதற்கு இடப்பட்ட கட்டளை ஒன்றே ஒன்று: சோறு வீணாகக் கூடாது.

அதனால் நன்மை விளையவில்லை என்று சொல்ல முடியாது. ஊருக்கு மேற்கே இருந்த குப்பைமேடு மறைந்தது. எரிவாயுச் செலவு பாதியானது. வடிவம்மாளும் சிக்கனத்துக்கு எதிரி அல்ல. பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைப்பதும், முள்ளங்கித் தழையைப் பொரியல் செய்வதும், அரிசி களைந்த நீரில் புளி கரைப்பதும் அடுப்பு வருவதற்கு முன்பே அவள் வீட்டு வழக்கம்.

ஆனால் ஒரு விளைவை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தத் தெருவில் காய்கறித் தோலை உரத்துக்குச் சேகரிப்பவள் சுடலி. முன்பெல்லாம் மத்தியானம் ஏதாவது ஒரு வீட்டில் அவளுக்கு ஒரு தட்டு கிடைக்கும். அவளை யாரும் அழைத்ததில்லை, யாரும் மறுத்ததுமில்லை. எல்லார் உலையிலும் ஒரு கைப்பிடி கூடுதலாக விழுந்த காலம் அது. அளவடுப்பு வந்ததும் அந்தக் கைப்பிடி போயிற்று. “இன்னிக்கி சரியாப் போச்சு சுடலி” என்று ஒவ்வொரு வீட்டிலும் உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்கள். தனியாக வாழ்பவர்களுக்கு அளவடுப்பு தருவதில்லை என்பது விதி. சுடலி தனியாள். பரமானந்தத்தின் தட்டு அவளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

அன்று பகல் அடுப்பு ஆய்வாளர் தனுஷ்கோடி வந்தார்.

“ஏம்மா, உங்க மாமனார் செத்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. ஆனா தட்டுல ஒரு பருக்கை மிச்சமில்ல. உயிரோட இருக்கிறவங்களவிட ஒழுங்காச் சாப்பிடுறாரே?”

“அவரு எப்பவுமே அப்படித்தான் சார்.”

“விளையாடாதீங்க தாயி. வீண் தடுப்பு விதியில இது குத்தம்.”

“குப்பைக்குப் போனா வீண். ஒரு வாய்க்குள்ள போனது எப்படி சார் வீண்?”

தனுஷ்கோடி பையைத் திறந்தார். கைப்பலகையை நீட்டினார். “இதுல கைநாட்டு வைங்க. பேரை எடுத்துருதேன். இல்லன்னா அடுப்புக்கு ஒரு மாசம் முத்திரை.”

ஆவுடையப்பன் மனைவியின் அருகில் வந்து மெல்லச் சொன்னான். “எடுத்துட்டாத்தான் என்ன வடிவு? அப்பா கோவிச்சுக்கவா போறாரு?”

“அவரு கோவிக்க மாட்டாரு. நான் கோவிப்பேன்” என்றவள் ஆய்வாளரைப் பார்த்தாள். “முத்திரை வைங்க சார். நல்லா அழுத்தி வைங்க.”

வைத்தார்.

மறுநாள் வடிவம்மாள் அவலை ஊறவைத்துத் தயிர் விட்டாள். முளைகட்டிய பயறில் தேங்காயும் மாங்காயும் துருவிப் போட்டாள். வெள்ளரிக்காயை நறுக்கினாள். வாசற்கதவை விரியத் திறந்துவைத்து, தெரு பார்க்க நான்கு தட்டு வைத்தாள்.

சுடலி வாசலில் தயங்கினாள். “என்னால உங்க அடுப்பு போச்சேக்கா. நான் வேற எங்கயாச்சும் பாத்துக்கிடுதேன்.”

“எங்க பாப்ப? உக்காரு. தீயத்தான் பூட்டிருக்கான். என் கையப் பூட்டலையே.”

எதிர்வீட்டு லூர்துமேரி இதையெல்லாம் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் காலை அவளுடைய அடுப்பு வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, “அஞ்சு” என்றாள். ஐந்தாவது பெயர், ஆறு வருடத்துக்கு முன் இறந்துபோன அவள் அண்ணன். முன்பே பதிந்த பெயரை மறுபடி சொன்னால் மட்டும் அடுப்பு ஏற்றுக்கொள்ளும். பத்து நாளில் அந்தத் தெருவில் பதினொரு இறந்தவர்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள். இருபது நாளில் ஊர் முழுக்க நானூறு பேர். சுடலிக்கு அடுத்து, சாலை போடுகிறவர்கள் வந்தார்கள். பொட்டலம் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் வந்தார்கள். பேருந்தைத் தவறவிட்டவர்கள் வந்தார்கள்.

நானூறு அடுப்புக்கு வைக்க தனுஷ்கோடியிடம் முத்திரை இல்லை. இறந்தவர்களின் பெயர்களைச் சேர்த்து அவர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் ஊண்மதியிடம் கேட்டது.

ஊண்மதி கணக்குப் போட்டது. உயிரோடிருப்பவர்களின் தட்டில் ஆளுக்குச் சராசரி பதினெட்டு கிராம் மிஞ்சுகிறது. இறந்தவர்களின் தட்டில் எதுவுமே மிஞ்சுவதில்லை. அதோடு, இறந்தவர் உண்ணும் வீட்டில் மற்றவர்களும் ஒதுக்குவதைக் குறைத்திருக்கிறார்கள். அதற்கிருந்த ஒரே கட்டளைப்படி ஒரே முடிவுதான் வந்தது. மறுநாள் எல்லா அடுப்பும் அறிவித்தன: ‘இனி ஒவ்வொரு வீட்டுப் பட்டியலிலும் இறந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். அவர் தட்டு நாள்தோறும் காலியாக வேண்டும். இல்லையேல் அடுப்பு எரியாது.’

வடிவம்மாள் வீட்டு முத்திரை தானே கழன்று விழுந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் தனுஷ்கோடி மறுபடி வந்தார். சீருடை கசங்கியிருந்தது. சுடலி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“தாயி, அடுப்பு வந்த பெறகு எங்க வீட்டுல சாவே விழல, பட்டியல்ல செத்தவங்க யாருமே இல்ல. மூணு நாளா அடுப்பு எரியல. பிள்ளைக பச்சக் காயா திங்குதுக. உங்க மாமனார… கொஞ்சம் இரவல் தர முடியுமா?”

ஆவுடையப்பனுக்குப் புரையேறியது.

வடிவம்மாள் சிரிக்கவில்லை. “தாராளமா எழுதிக்கோங்க. ரெண்டு வீட்டுல சாப்பிட அவருக்குத் தெம்பிருக்கு. ஆனா தட்டு காலியாகணுமே சார். யாரு வருவா?”

அதுதான் சிக்கல். உணரிக்கு அவர் வீட்டார் கைகள் தெரியும். ஊரில் பசித்தவர்கள் எல்லாரையும் யாராவது ஒருவர் முன்பே கூப்பிட்டுவிட்டார்கள். தனுஷ்கோடி தயங்கித் தயங்கி சுடலியைப் பார்த்தார். அந்தத் தெருவில் இத்தனை நாளும் அவர் அவளைப் பார்த்ததே இல்லை.

“ஏம்மா… நாளைக்கு மத்தியானம் நம்ம வீட்டுக்கு வர முடியுமா?”

சுடலி அவசரப்படவில்லை. தட்டை விரலால் சுத்தமாக வழித்தாள். தண்ணீர் குடித்தாள்.

“நாளைக்கு ஒம்போது வீட்டுல கூப்பிட்டிருக்காக சார். எனக்கு வயிறு ஒண்ணுதான் இருக்கு” என்றவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “உங்க வீட்டுல என்ன குழம்பு?”