ஜீரோவுக்குத் திரும்பாத சென்சார்

நிர்மலின் உயிருக்குக் கம்பெனி முதலில் சொன்ன விலை ஆறு லட்சம். அவன் மாமா நாகப்பன் சவத்தை எடுக்க விடாமல் கம்பெனி கேட் அருகே உட்கார்ந்து அதைப் பத்தரைக்கு ஏற்றினார். நல்ல பேரம்தான் என்று ஆவடியில் பேசிக்கொண்டார்கள். மனைவி காவ்யா அந்தக் காசோலையை இன்னும் வங்கியில் போடவில்லை.

இரும்புத் தகட்டை அழுத்தும் பிரஸ்ஸில் வேறெதுவாவது சிக்கினால் அதை உடனே நிறுத்த வேண்டிய சென்சார் அவனுக்காக நிறுத்தவில்லை. அதற்குச் சான்றிதழ் கொடுத்தவள் காவ்யாதான். அம்பத்தூர் எஸ்டேட் சோதனைக்கூடத்தில் சென்சார்மேல் எடைக்கற்களைப் பூப்போல ஒவ்வொன்றாக வைப்பார்கள். எண் சரியாக வந்தால் கையெழுத்து. பிரஸ் பூப்போல இறங்காது. படாரென்ற அடிக்குச் சென்சார் ஈடுகொடுக்குமா என்பது தனிச் சோதனை, தனிக் கட்டணம். கம்பெனி வேண்டாம் என்றது. அவளும் கையெழுத்துப் போட்டாள்.

அதே சென்சார் இப்போது அவள் மேசையில். எவ்வளவு தாமதித்தது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஞாயிறு மதியம் தனியாக வந்திருந்தாள். மற்ற நாட்களில் பக்கத்துப் பட்டறைகளின் அதிர்வு தரைவழியே ஏறி அளவைக் கெடுத்துவிடும்.

சென்சாருக்கு நேர்மேலே கொக்கியில் தொங்கிய சோதனைச் சுத்தியலை விடுவித்தாள். திரையில் கோடு துள்ளியது. சுத்தியல் பட்டதற்கும் சென்சார் சொன்னதற்கும் நடுவே நாற்பது மில்லிசெகண்ட். கண் இமைக்கக்கூடப் போதாது, பிரஸ்ஸுக்குத் தாராளம்.

கோடு அடங்கியது. ஜீரோவுக்கு மட்டும் இறங்கவில்லை. மேலே ஒன்றுமில்லாத சென்சார் நாலு கிலோ காட்டியது.

அடிபட்ட சென்சார், பழுதாகியிருக்கும் என்று மறுபடி அடித்தாள். பதினொன்று. மூடிய ஷட்டரின் வெக்கையில், கிரீஸும் இரும்புத்தூளும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை, தினமும் ஆவடி கோவில்பதாகையில் அவர்கள் வீட்டுக் கதவைத் திறந்ததும் அவன் சட்டையிலிருந்து வந்து அவள் முகத்தில் மோதிய அதே வாசனை, மெல்ல மேசையைச் சுற்றி நின்றது.

அடித்தாள். இருபத்து மூன்று.

காவலாளி கோதண்டம் படியேறி வந்தார். "இன்னாமா, லீவு நாள்ல ஆரைப் போட்டு அடிச்சிகினு கீற?"

சோதனை என்றாள்.

"அடி உழுவறது கேக்குது, சரி. அப்பால ஒர்த்தன் மூச்சை இஸ்துக்கறானே, அத்தான் பாக்க வந்தேன். ஊட்டுக்குப் போம்மா."

ஏறியதைவிட வேகமாக இறங்கினார்.

அடித்தாள். நாற்பது. மேசைக்கால்கள் முனகின. அடித்தாள். அறுபது. அந்த மூச்சு இப்போது அவளுக்கும் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் வருகிறான். ஒவ்வொரு அடிக்கும் வலிக்கிறது அவனுக்கு.

"கொஞ்சம் பொறுத்துக்கோ," என்றாள். "இன்னும் கொஞ்சந்தான்."

அறுபத்தாறு புள்ளி ஆறு.

அடித்தாள். அதே எண்.

மறுபடி. அதே.

போன மாதம் ரத்ததான முகாமில் அவன் எடை அறுபத்தேழு. பிணவறையில் அவன் வலது பக்கத்துத் துணியை மட்டும் யாரும் விலக்கவில்லை. அந்தக் கை பிரஸ்ஸிலிருந்து முழுதாக வரவில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

மூச்சு காத்திருந்தது.

சோதனை ஏட்டில் மூன்று வரி எழுதிவிட்டு வலது உள்ளங்கையைச் சென்சார்மேல் விரித்து வைத்தாள். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. இடது கை மேலே போய்க் கொக்கியைத் தொட்டது. ஏட்டில் மை இன்னும் காயவில்லை.

வர வேண்டியது: 67.0 கிலோ.
வந்தது: 66.6.
பாக்கி: 0.4.