கூறைச்சேலை விரித்த மைதானம்

தலவாக்கலை பஸ்ஸிலிருந்து இறங்கிப் பெரிய கங்காணி வீரய்யா தோட்டத்துக்குள் நுழைந்தபோது, பிற்பகல் மூடுபனி தேயிலை மலையை விழுங்கத் தொடங்கியிருந்தது. மருமகள் பூரணியின் தலைத்திவசத்துக்கு வந்திருந்தார். அவளை எரித்த மறுநாளே ராகலையிலுள்ள மகள் வீட்டுக்குப் போனவர், இப்போதுதான் திரும்புகிறார். வெள்ளைத் தலைப்பாகை கலையவில்லை. முதுகும் வளையவில்லை.

லயத்து வீட்டு வாசலில் மகன் இராமையா நின்றான். வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மழை பேஞ்சா அது வருதுங்கப்பா," என்றான். "மைதானத்துக்கு மேல சுத்துது. எறங்காமப் போயிருது."

எது என்று வீரய்யாவுக்குத் தெரிந்தது.

ஐம்பத்தேழாம் வருட வெள்ளத்தில் பாலம் அடித்துப்போய், பாதை மண்சரிவில் புதைந்து கிடந்த நேரம். பிரசவ வலியில், பிள்ளை பிறக்குமுன்பே, பூரணிக்கு இரத்தம் நிற்கவில்லை. தோட்டத்துரை டெலிபோனில் கெஞ்சி ஒரு ஹெலிகொப்டருக்கு ஏற்பாடு செய்தார். சண்டைகளில் அடிபட்டவர்களைத் தூக்கிப் பழகிய வெள்ளைக்காரன் ஓட்டி வருகிறான், இறங்கும் இடம் தெரிய மைதானத்தில் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள் என்று தகவல் வந்தது.

வீரய்யாவுக்கு உடம்பு எரிந்தது. உயிரோடிருக்கும் சுமங்கலிக்கு வெள்ளையா?

"துணி நெறம் பாத்துக்கிட்டு நிக்காதீங்க கங்காணி," என்றாள் மருத்துவச்சி பேச்சியம்மா. "பொண்ணே வெளுத்துக்கிட்டு வருது."

"என் வீட்டுப் பொண்ணு பொணமாப் போகல. மகாலட்சுமியாத்தான் போவா."

அவரே பெட்டியைத் திறந்து, பூரணியின் சிவப்புக் கூறைச்சேலையை எடுத்துப்போய் மைதானத்தில் விரித்தார். ஹெலிகொப்டர் தாழ வந்தது. சேலைக்கு மேலே கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு எழும்பிப் போய்விட்டது. சிவப்பைக் கண்டால் ஆபத்து, இறங்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். பிறகுதான் தெரிந்தது. பொழுது சாயுமுன் பூரணி போனாள், வயிற்றுப் பிள்ளையோடு.

இப்போது தூறல் விழுந்தது. வீரய்யா மைதானத்துக்கு நடந்தார். இராமையா தள்ளியே பின்னால் வந்தான்.

முதலில் வாடை வந்தது. இரத்தமும் விளக்கெண்ணெயும் கலந்த, அன்றைய அறையின் வாடை.

பிறகு சத்தம். பனிக்குள் எங்கோ, தடதடவென்று.

வானத்தில் எதுவும் இல்லை.

மைதானத்துப் புல் மட்டும் வட்டமாகப் படுத்தது. ஓரத்துத் தேயிலையில் ஓர் இலைகூட அசையவில்லை.

காதருகே, மிகவும் களைத்த குரல்.

"வெள்ளைய விரிங்க, மாமா."

துரைக்கு முன்னாலும் கழற்றாத தலைப்பாகையை வீரய்யா அவிழ்த்தார். முழு நீளத்துக்கும் அதைப் புல்லில் விரித்தார். நரைத்த தலையில் மழை வழிந்தது.

சத்தம் தாழ்ந்தது. தலைக்கு நேர் மேலே நின்றது.

"ஏத்திக்கிட்டுப் போங்கய்யா," என்று கை கூப்பினார். "எம்புள்ளைய ஏத்திக்கிட்டுப் போங்க."

சத்தம் எழும்பியது. மலைக்கு அப்பால் தேய்ந்து போனது.

ஒரு வருடத்தில் முதல் தடவையாக இராமையா அப்பாவின் தோளைத் தொட்டான். "வாங்கப்பா. அவ போயிட்டா."

வீரய்யா குனிந்து தலைப்பாகைத் துணியை எடுத்தார். வரவில்லை. மகனும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான்.

அசையவில்லை.

சுற்றிலும் புல் நனைந்து கிடந்தது. துணி நனையவில்லை. அதன் நடுவே ஓர் ஆள் படுத்த பள்ளம். வீரய்யா தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

பக்கத்திலேயே, கைக்குழந்தை அளவில் இன்னொரு பள்ளம்.