மணல் முடிச்சு

மேற்கே சூரியன் செம்பிழம்பாய்ச் சரிந்துகொண்டிருக்க, கிழக்கே முழுநிலா மெல்லத் தலைகாட்டத் தொடங்கியிருந்த அந்த அந்திவேளையில், செனகல் மாநதி பாதி செம்மையும் பாதி வெண்மையுமாக வாலோ நாட்டின் தலைநகரை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. காவிரிக் கரையிலேயே கதை கேட்டுப் பழகிவிட்ட வாசகர்கள் இன்று சிரமம் பாராமல் கடல் கடந்து, ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்துக்கு, சில நூற்றாண்டுகள் பின்னோக்கி வரவேண்டியிருக்கிறது. வந்தவர்கள் அந்த நதியின் அழகில் மயங்கி நின்றுவிட வேண்டாம். அதன் செம்மை முழுவதும் சூரியன் தந்ததல்ல. நண்பகலில் நடந்த போரில் வெட்டுண்ட வீரர்கள் கரையோரக் கோரைகளுக்கிடையே கும்பல் கும்பலாக ஒதுங்கிக் கிடந்தார்கள். அவர்கள்மீது கழுகுகள் எந்த அவசரமுமின்றி நடந்துகொண்டிருந்தன.

அந்தப் பிணங்களில் ஒன்று மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

அவன் பெயர் லத்தீர். அரச காவற்படையின் தலைவன். வாலோவின் மன்னருக்கு ‘பிராக்’ என்று பட்டம். அந்தப் பிராக்கைக் காத்து நின்ற நாற்பது பேரில் உயிரோடிருந்தவன் அவன் ஒருவன்தான். மன்னரின் சிற்றப்பன் மகன் மசம்பா, குதிரைப்படையோடு திடீரெனப் பாய்ந்து, மன்னரின் தலையை ஈட்டியில் ஏற்றிவிட்டான். லத்தீரால் அதைத் தடுக்க முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. ஏனெனில் அவனுடைய கால்சட்டை நிறைய மணல் இருந்தது!

வாசகர்கள் சிரிக்க வேண்டாம். புறங்காட்டுவதில்லை என்று உறுதிபூண்ட வீரர்கள், கணுக்காலில் இறுகக் கட்டிய அகலமான கால்சட்டைக்குள் மணலை நிரப்பி, இடுப்பிலும் கயிற்றை முடிந்துகொண்டு, மண்டியிட்டபடியே போர் புரிவது அந்த நாட்டின் வழக்கம். அந்த முடிச்சை வீரன் தானாகப் போடுவதில்லை. அவன் இறந்தால் எவர் அழுவாரோ அவர்தான் போடவேண்டும், போட்டவரே அவிழ்க்கவேண்டும். தன் கையால் அவிழ்த்துக்கொண்டவனைப் பெற்ற தாயும் வீட்டுக்குள் சேர்க்கமாட்டாள்.

லத்தீருக்கு அழ யாருமில்லை. தாய் தந்தை அறியாத அரண்மனை அடிமை அவன். அன்று காலை மற்றவர்களின் மனைவியரும் தாய்மாரும் கயிற்றோடு வரிசையில் நிற்க, அவன் மட்டும் வெறுமனே நின்றான். அப்போது மன்னரின் தங்கை, நாட்டில் ‘லிங்கேர்’ என்று வணங்கப்படும் இளவரசி யாந்தே, எல்லோரும் பார்த்திருக்க அவன் முன்னே வந்து முழந்தாளிட்டாள்.

“தேவி! இது தகாது. தாங்கள் போய் ஓர் அடிமைக்கு...” என்று தடுமாறினான் லத்தீர்.

“பேசாமல் நில்லும். நீர் வென்றால் வந்து அவிழ்ப்பேன். தோற்றால் உமது பிணத்தில் அவிழ்ப்பேன். எப்படியும் வருவேன்” என்று சொல்லி, யாந்தே முடிச்சை இறுக்கினாள். அவள் விரல்கள் நடுங்கியதை அவன் ஒருவனே அறிவான். “யாந்தே” என்று அவன் வாய் தானாக முணுமுணுத்தது. வாழ்நாளில் அன்றுதான் முதன்முறையாக அவளைப் பெயர் சொல்லி அழைத்தான்.

இப்போது அவன் முழங்கைகளை ஊன்றி, மணற்சுமையை இழுத்துக்கொண்டு, கோரைகளுக்குள் ஊர்ந்தான். பின்வாங்கவில்லை, எதிரி நின்றது நதியின் பக்கம்தான். அங்கே தோணியருகே யோரோ என்ற செம்படவன், மீன் கூடையும் நாணல் குழலுமாக நிற்பதைக் கண்டதும் லத்தீருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வாலோவின் முடிசூட்டு விழா அரியணையில் நடப்பதில்லை, நதியில் நடக்கிறது. புதிய மன்னன் நீராடு துறையில் மூழ்கி, கையில் உயிருள்ள மீனோடு எழவேண்டும். எழுந்துவிட்டால் அவனே பிராக். மீனை நதி தருவதாகத்தான் ஐதீகம். செம்படவன் ஒருவன் நாணலில் மூச்சுவிட்டுக்கொண்டு அடியில் காத்திருப்பது ஊரறிந்த இரகசியம். அந்த மீன் கூடையைச் சுமப்பவனைத் தவிர, தாய்வழி அரச ரத்தம் இல்லாத எவரும் அந்த வேளையில் அத்துறையில் கால் நனைக்கக்கூடாது. நனைத்தவனைக் காவலர்கள் அங்கேயே குத்திவிடுவார்கள். மசம்பாவின் தாயோ அரச குலத்தவள் அல்லள். அதனால்தான் மற்றக் குறுநிலத் தலைவர்கள் வந்து சேர்வதற்குள், அரச குலமுறை பாடும் பாணனின் தொண்டையில் கத்தியை வைத்துப் பொய்க் குலமுறை பாட வைத்து, அன்று அந்தியிலேயே அவசர அவசரமாக நீராடப் புறப்பட்டிருந்தான். நீராடியதும் யாந்தேயை மணப்பது அவன் திட்டம். அவள் வயிற்றில் பிறந்தால்தானே பிள்ளைக்காவது உரிமை வரும்!

மசம்பா மீனோடு எழுந்துவிட்டால், பிராக்குக்குக் கட்டுப்படுவதாக லத்தீர் செய்திருந்த சத்தியம் அவனுக்கும் பொருந்திவிடும். யாந்தேயை அவன் இழுத்துச் செல்வதை, லத்தீர் ஈட்டியோடு பக்கத்தில் நின்று காவல் காக்கவேண்டியதுதான். அவன் தோணியருகே ஊர்ந்து சென்றான்.

“யோரோ! குழலையும் கூடையையும் இப்படிக் கொடு.”

“ஐயோ, தலைவரே! உயிரோடு இருக்கிறீர்களா? அந்தக் காலோடு தண்ணீரில் இறங்கினால் மேலே வரமாட்டீர்களே!”

“வரவேண்டும் என்று யார் சொன்னது?”

யோரோ குழலை நீட்டினான். கூடையை அவனே லத்தீரின் இடுப்பில் கட்டிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு தோணியில் படுத்துவிட்டான்.

முரசு முழங்கியது. நீராடு துறையின் அடித்தரையில், மணலின் கனத்தால் கல்லைப்போல் அசையாது அமர்ந்திருந்தான் லத்தீர். கலங்கிய நீரை அளைந்துகொண்டு, மீனை எதிர்பார்த்து, ஒரு கை நீண்டது. பொன்வளை அணிந்த கை. மதியம் மன்னரின் தலையைத் தூக்கிப்பிடித்த அதே கை! லத்தீர் குழலைத் துப்பிவிட்டு அந்த மணிக்கட்டைப் பற்றி இழுத்து, கத்தியை விலாவுக்குள் பிடிவரை இறக்கினான்.

மசம்பா லேசுப்பட்டவன் அல்லன். தொடையில் மறைத்திருந்த குறுவாளால் லத்தீரின் தோளைக் கிழித்தான்; மறுபடி கழுத்தோரம் கிழித்தான்; முழங்காலால் மார்பில் உதைத்து மேலே எழும்பப் பார்த்தான். எழும்ப முடியவில்லை. இருவர் எடையையும் மணல் கீழே பிடித்து வைத்திருந்தது. லத்தீர் கத்தியை உருவி மீண்டும் குத்தினான். எத்தனை முறை என்று அவனுக்கே தெரியாது. கடைசியில் பொன்வளைக் கை துவண்டது. உடல் நழுவி மேலே சென்றது.

இனி முடிச்சை அவிழ்த்தால் அவனும் மேலே போகலாம். விரல்கள் இடுப்புக்குச் சென்றன. கயிறு தட்டுப்பட்டது; அதை இறுக்கிய நடுங்கும் விரல்களின் நினைவும் வந்தது. லத்தீர் கையை எடுத்துக்கொண்டான்.

கரையில் முரசு நின்றது. குமிழிகளும் குருதியும் கிளம்பிய இடத்தில் மசம்பாவின் முதுகு மிதந்ததைக் கண்டு கூட்டம் அலறியது. வீரர்கள் துறையின் விளிம்புவரை ஓடிவந்து, கால் நனைக்க அஞ்சி நின்றார்கள். இறங்க உரிமையுள்ளவர் அங்கே ஒருவர்தான். யாந்தே, மணக்கோலத்துக்கென்று பூட்டிய அணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மார்பில் மறைத்திருந்த கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு, நீரில் பாய்ந்தாள்.

அடியில் அவள் கை முதலில் தொட்டது மணல் நிறைந்த ஒரு காலை. அடுத்துத் தொட்டது, மீன் கூடைக்கு அடியில், அவள் போட்ட முடிச்சை. அது அவிழாமல் இருந்தது!

யாந்தே எழுந்தபோது அவளது இடக்கை ஒரு மனிதனின் தலைமயிரைப் பற்றியிருந்தது. வலக்கையில் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

“அவன் லத்தீர்! மணல் கட்டிய லத்தீர்!” என்று கத்தினான் மசம்பாவின் படைத்தலைவன். “மணலை அவிழ்த்துவிட்டுப் பிழைத்த கோழை! வெட்டுங்கள் அவனை!”

“முடிச்சைப் போட்டவள் நான். அறுத்தவளும் நான்!” யாந்தேயின் குரல் மறுகரைவரை கேட்டது. “காலை முதல் இந்த நொடிவரை இவர் அதைத் தொடவில்லை. இன்னொன்றும் கேளுங்கள். இந்தத் துறையிலிருந்து உயிருள்ள மீனோடு எழுந்தது யார்? கண் உள்ளவர்கள் சொல்லுங்கள்!”

படைத்தலைவன் வாளை உருவிக்கொண்டு அவளை நோக்கித் தாவினான். ஆத்திரத்தில் அவன் செய்த பிழை அதுதான். முழங்காலளவு நீரில் அவன் நின்ற மறுகணமே, அவனுடைய சொந்த வீரர்கள் எறிந்த மூன்று ஈட்டிகள் அவன் முதுகில் பாய்ந்தன. ஆள்பவன் மாறலாம், துறையின் சட்டம் மாறாது. அவன் விழுந்த சத்தம் அடங்கியதும் பாணன் முரசை எடுத்து, தொண்டை கிழிய யாந்தேயின் தாய், தாயின் தாய், அவள் தாய் என்று உண்மையான குலமுறையைப் பாடத் தொடங்கினான். கரை முழுவதும் மண்டியிட்டது.

லத்தீர் நீரைக் கக்கிக் கண்விழித்தபோது நிலா கரையோர மரத்தின் உச்சிக்கிளையைத் தாண்டியிருக்கவில்லை. அவன் தலை யாந்தேயின் மடியில் இருந்தது.

“சொன்னபடி வந்துவிட்டேன்” என்றாள் அவள்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் கையில் இருந்த மீனைப் பார்த்தான். வலியைப் பொறுத்துக்கொண்டு அவள் மடியிலிருந்து தலையை எடுத்து, ஈர மணலில் நெற்றி படிய வணங்கினான்.

“இந்த உயிர் தங்கள் காவலுக்கு. சத்தியம், பிராக் அவர்களே!”

காலையில் அவன் வாயிலிருந்து வந்த பெயருக்காக யாந்தே சற்று நேரம் காத்திருந்தாள். அது வரவில்லை. அறுந்த கயிற்றைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு, மீனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, அவள் மக்களை நோக்கி நடந்தாள்.