ஏன், கூப்டீங்களா?

வத்தலக்குண்டு சாலையில் இருந்த அந்த மருத்துவமனையின் பழைய கட்டடத்துக்கு நான் முதன்முதலாகப் போனது 2005 ஆகஸ்டில், ஒரு திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு. இடுப்பில் ஒரு கணினிப் பெட்டி, தோளில் ஒயர்ச் சுருள், சட்டையெல்லாம் வியர்வை. பேய்க் கதைக்கு ஏற்ற ஆரம்பம் இல்லைதான். என்ன செய்ய, நடந்தது அப்படித்தான்.

என் பெயர் பிராங்க்ளின். பேகம்பூர்ப் பக்கம் ஒரு மாடி அறையில் நானும் சத்யபிரியாவும் சேர்ந்து இணையதளங்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ரத்தப் பரிசோதனை முடிவுகளை டாக்டர்கள் தங்கள் அறையிலிருந்தே பார்ப்பதற்கு அந்த மருத்துவமனை ஒரு தளம் கேட்டிருந்தது. எழுதி முடித்துவிட்டோம். அதை ஏற்றி வைக்க ஒரு வெப் சர்வர் வேண்டும்.

வெப் சர்வர் ஒன்றும் மாயம் இல்லை. யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லும் மென்பொருள். கூப்பிடுகிறவர் யார், எங்கிருந்து, எதற்கு என்றெல்லாம் அது யோசிக்காது. கூப்பிட்டால் பதில். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எந்த சர்வரைப் போடுவது என்பதில் ஒரு வாரம் இழுபறி. மருத்துவமனை மேனேஜர் கருப்பணன் விண்டோஸ்தான் வேண்டும் என்றார், அதில்தான் பொத்தான்களை அமுக்கி எல்லாம் செய்யலாமாம். எங்களிடம் இருந்த பழைய கணினிப் பெட்டி அதைத் தாங்காது. சத்யபிரியா புதிதாக வந்திருந்த சின்ன சர்வர் ஒன்றைச் சொன்னாள். நான் அப்பாச்சி என்ற பழைய சர்வர்தான் என்று நின்றேன். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு அமைக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். என் சோம்பேறித்தனத்துக்கு நான் வைத்திருந்த பெயர் அனுபவம்.

கணினியை வைக்கச் சொன்ன இடம் மாடியில் இருந்த பழைய குழந்தைகள் வார்டு. எட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்ததாம். ஏசி அங்கேதான் இருந்தது. இரும்புக் கட்டில்களை மூலையில் அடுக்கியிருந்தார்கள். சுவரில் ஒரு முயல் படம், காது பாதி உரிந்து போயிருந்தது. எட்டு வருடம் ஆகியும் டெட்டால் வாடை போகவில்லை. அதோடு லேசாகக் காய்ச்சிய பால் வாடையும் இருந்தது.

ஒரே கணினியில் மூன்று தளங்கள். பரிசோதனைக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, முன்பதிவுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களோ அந்தத் தளம் பதில் சொல்லும். பட்டியலில் இல்லாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்?

பட்டியலில் முதலில் இருப்பது பதில் சொல்லும்.

இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் அன்று சோதனைக்காக முதல் இடத்தில் நான் வைத்தது என் மகள் தமிழ்நிலாவின் பக்கத்தை. ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்போடு ஒரு போட்டோ, அதற்குக் கீழே ஒரே வரி: "ஏன், கூப்டீங்களா?" யார் கூப்பிட்டாலும் அவள் அப்படித்தான் கேட்பாள். அப்பன்காரன் ஆசையில் வைத்தது.

"முதல்ல ஒரு காலி சைட்டு வச்சிருங்கண்ணா" என்று சத்யபிரியா போனில் சொன்னாள். "தெரியாத பேர் வந்தா கதவச் சாத்துற மாதிரி."

"அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

ஐந்து வாரம் கழித்துத்தான் வார்டுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். யார் எப்போது எந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள், என்ன பதில் போனது என்று சர்வர் தானே வரிவரியாக எழுதி வைக்கும். டாக்டர்கள், மருந்தகம், எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் தினமும் பிற்பகல் மூன்று பத்துக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது. நாள் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது.

ஆங்கில எழுத்தில், முத்துப்பேச்சி.

அப்படி ஒரு தளம் எங்களிடம் இல்லை. கூப்பிட்ட கணினியின் எண்ணைப் பார்த்தேன். அது அந்த சர்வரின் எண்ணேதான். அதாவது, பூட்டிய வார்டுக்குள் அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துதான் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கொண்டுபோய் மாட்டினால் ஒழிய அதில் விசைப்பலகைகூடக் கிடையாது.

தினமும் ஒரே ஒரு அழைப்பு. தினமும் பதில் போயிருந்தது. என் மகளின் சிரிப்பும், "ஏன், கூப்டீங்களா?" என்ற வரியும்.

ஏதோ வைரஸ் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த ஞாயிறு மதியம் தமிழ்நிலா தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். திடீரென்று தலையைத் தூக்கி, "ஏன்?" என்றாள்.

"யாருடி கூப்ட்டா?" என்றாள் என் மனைவி சகாயராணி.

"ஒரு அம்மா."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

சகாயராணி பூசை தவறாதவள், பேய் பிசாசு என்றால் சிரிப்பவள். அன்று சிரிக்கவில்லை. பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "ஒத்தத் தடவ கூப்ட்டா ஏன்னு கேக்கப்படாது. மூணு தடவ கூப்ட்டாத்தான் கேக்கணும். என்ன?"

"ஏன் மூணு தடவ?"

"அதுங்க ஒரு தடவதான் கூப்டும். மனுசங்கதான் மூணு தடவ கூப்டுவாங்க."

பிள்ளை தலையை ஆட்டினாள். சொன்னதைக் கேட்கும் பிள்ளை.

மறுநாள் மருத்துவமனைக் காவலாளி சங்கிலியைப் பிடித்தேன். அங்கேயே இருபது வருடம் வேலை பார்த்தவர்.

"இந்த வார்டுல முத்துப்பேச்சின்னு யாராச்சும் இருந்தாங்களாண்ணே?"

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"கம்ப்யூட்டர்ல பேரு வருது."

"வராதே தம்பி. அந்தக் காயிதத்தையெல்லாம் அன்னைக்கே கிழிச்சுட்டாங்களே."

மாடி வார்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தொண்ணூத்தேழு. ஆறு வயசுப் பிள்ள, காய்ச்சல். என்னமோ மருந்து மாத்திப் போட்டுட்டாங்க. அவ ஆத்தா கீழ பால் வாங்கப் போயிருந்தா. வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. பின்பக்கமா எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவ வந்து வாசல்ல நின்னு முத்துப்பேச்சி, முத்துப்பேச்சின்னு கூப்டுறா. யாரும் வாயத் தொறக்கப்படாதுன்னு மேல இருந்து உத்தரவு. நானும்தான் நின்னேன். ஏன்னு கேக்க ஒரு நாதியில்ல தம்பி."

"அப்புறம்?"

"பால் தூக்கோட ரோட்டுல எறங்குனா. லாரி வந்துச்சு."

"அப்ப மணி என்ன இருக்கும்?"

"மூணு மணி மணியடிச்சு செத்த நேரம் இருக்கும்."

எனக்குப் புரிந்துவிட்டது. எட்டு வருடமாக அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஏன் என்று முதன்முதலில் கேட்டது என் சர்வர். கேட்ட முகம் என் பிள்ளையுடையது.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊசி போட்ட இடம் மாதிரி நெஞ்சு மரத்துப் போயிருந்தது. பிள்ளையின் முகத்தை அங்கிருந்து எடுத்தாக வேண்டும் என்பது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கருப்பணன் சாவியோடு வெளியூர் போயிருந்தார். சனிக்கிழமை மதியம்தான் வார்டுக்குள் போக முடிந்தது.

வேலை பத்து நிமிடம்கூட இல்லை. மகளின் பக்கத்தை அழித்தேன். போட்டோவை அழித்தேன். சத்யபிரியா சொன்னபடி முதல் இடத்தில் ஒரு காலித் தளம். பெயர் இல்லை, படம் இல்லை. தெரியாத பெயர் எது வந்தாலும் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பும். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். பதிவேட்டைத் திரையில் ஓடவிட்டு உட்கார்ந்தேன்.

மணி மூன்று ஐந்து.

ஏசியின் உறுமல் மட்டும் கேட்டது. பால் வாடை கொஞ்சம் கூடினாற்போல் இருந்தது.

மூன்று பத்து. வரி வந்தது.

முத்துப்பேச்சி. அனுமதி இல்லை.

மூச்சை விட்டேன். எழுந்து பையை எடுத்தேன்.

முத்துப்பேச்சி. அனுமதி இல்லை.

இதற்கு முன் ஒரு நாளும் இரண்டாவது வரி வந்ததில்லை. வரவேண்டிய தேவை இருக்கவில்லை. முதல் அழைப்புக்கே பதில் கிடைத்துவந்தது. ஐந்து வாரம் ஏன் என்று கேட்ட பிள்ளை திடீரென்று கதவைச் சாத்திக்கொண்டால் எந்தத் தாய் ஒரு தடவையோடு நிறுத்துவாள்?

அப்போதுதான் சகாயராணி சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது.

செல்போனை எடுத்தேன். எங்கள் வீட்டு எண்ணையே இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

முத்துப்பேச்சி.

மூன்று.

பிறகு வரி எதுவும் வரவில்லை. பால் வாடையும் நின்றுவிட்டது. வார்டில் வெறும் டெட்டால்தான் இருந்தது.

என் கையில் போன் அடித்தது. சகாயராணி.

"நீங்க வாசல்ல நின்னா பிள்ளயக் கூப்டீங்க?"

"இல்ல."

"யாரோ மூணு தடவ கூப்ட்டாங்களாம். மூணு தடவ ஆச்சுன்னு ஏன்னு கேட்டுட்டு வெளிய போனா. இப்ப வாசக்கேட்டுப் பக்கத்துல நிக்கிறா. நான் கூப்டக் கூப்டத் திரும்ப மாட்டேங்கிறா."

இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். தமிழ்நிலா என்று கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. மூன்று தடவை கூப்பிட்டாலும், முப்பது தடவை கூப்பிட்டாலும். மதுரைவரை போய்க் காது பார்த்தாயிற்று. காது நன்றாக இருக்கிறதாம். சகாயராணி இப்போதெல்லாம் தோளைத் தொட்டுத்தான் அவளைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். நான் அந்தத் தொழிலை விட்டுவிட்டேன். மருத்துவமனையில் அந்தக் கணினியையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அழுகை வருமா என்று பார்த்தேன், அதுவும் வருவதில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறேன்.

போன ஞாயிறு, சகாயராணி கோயிலுக்குப் போயிருந்தபோது, செய்யக் கூடாததைச் செய்தேன். பிள்ளை எனக்கு எதிரே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். வாசல் கதவு எனக்குப் பின்னால், தாழ் போட்டிருந்தது. நான் மெதுவாக, ஒரே ஒரு தடவை, "முத்துப்பேச்சி" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தாள். இரண்டு வருடம் கழித்து என் பிள்ளை ஒரு பெயருக்கு நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் பார்த்தது என்னை இல்லை. எனக்குப் பின்னால் இருந்த வாசலை.

"ஏன்ம்மா, பால் வாங்கிட்டியா?" என்றாள்.