ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்

மைக்கை அணைத்த பிறகும் கைப்பேசியில் அவர் குரல் வந்துகொண்டிருந்தது.

முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இணைய வானொலியே அப்படித்தான், இங்கே பேசுவது சர்வருக்குள் போய்க் கேட்பவர் கைக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்று மச்சான் சொல்லியிருந்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர்காரன். வீட்டில் தூசி தின்றுகொண்டிருந்த பழைய மெஷினில் லினக்ஸைப் போட்டு, மாமாவுக்கென்று ஒரு வானொலியை அமைத்துக் கொடுத்தவன் அவன்தான். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பின்னறையில் மெஷினின் விசிறி இரைந்து, சூடேறிய தூசியின் கருகல் வாசனையைக் கக்கிக்கொண்டிருக்க, அறிவிப்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று தன் குரல் ஓய்வதற்காகக் காத்திருந்தார்.

வானொலி நிலையத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பி ஒரு வருஷமாகிறது. ஆளை அனுப்பிவிட்டுக் குரலை வைத்துக்கொண்டார்கள். அவர் பதிவு செய்து கொடுத்த விளம்பரங்கள் இன்றைக்கும் ஓடுகின்றன, மனுஷனுக்குத்தான் அங்கே நாற்காலி இல்லை. அந்த வயிற்றெரிச்சலை எல்லாம் கொண்டுவந்து மனைவியின் தலையில் கொட்டினார். ஊருக்கே தேனொழுகப் பேசின வாய்க்கு அவளைக் கண்டால் மட்டும் தேள் கொடுக்கு முளைத்துவிடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நேற்றுதான் ஒருவழியாக மனம் இளகி, "நாளைக்குச் சாயங்காலம் வர்றேன். மறுபடி மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசுனீங்கன்னா அதோட சரி" என்றாள்.

மன்னிப்பு கேட்கவேண்டும். நேரில் கேட்க நாக்கு எழாது, மைக்குக்கு முன்னால்தான் அவருக்கு நல்ல வார்த்தை வரும். வானொலியில் கேட்டுவிடலாம், வந்ததும் அவளுக்குப் போட்டுக் காட்டலாம் என்றுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார், வானிலையைப் பற்றிப் பேசினார். அந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. சீ என்று மைக்கை அணைத்தார்.

கைப்பேசியில் வானிலை முடிந்தது. சின்ன இடைவெளி. பிறகு அதே குரல், அவருடைய குரலேதான், மெதுவாகச் சொன்னது.

"உன்னை ரொம்பப் படுத்திட்டேன்மா. மன்னிச்சுடு."

அவர் அதைச் சொல்லவே இல்லை.

மச்சானைப் போனில் கூப்பிட்டார். "மைக்கை அணைச்சிட்டேன்டா. இன்னும் பேசுது."

"பாஸ்வேர்டை மாத்துனீங்களா மாமா?"

சர்வரோடு வரும் பாஸ்வேர்டு உலகத்துக்கே தெரிந்த ஒன்று, முதல் வேலையாக அதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் எவன் வேண்டுமானாலும் உங்கள் இடத்தில் உட்கார்ந்து பேசலாம் என்று அவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ஈ காக்கா கேட்காத வானொலிக்கு எவன்டா வரப்போகிறான் என்று சிரித்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்.

"அதான், எவனோ பூந்துட்டான். உங்க பழைய ரெக்கார்டிங்கை ஓட்டி விளையாடுறான். மறுபடி கனெக்ட் பண்ணுங்க."

பண்ணினார். இடம் காலியில்லை, ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று திரை சொன்னது.

"ஒரு இடத்துல ஒரு குரல்தான் மாமா. அவன் இறங்கினாத்தான் நீங்க ஏறலாம். எங்கேருந்து பேசுறான்னு பாருங்க, பக்கத்துல நம்பர் இருக்கும்."

நூற்றிருபத்தேழில் தொடங்கி ஒன்றில் முடிந்த அந்த எண்ணை அவர் படித்துச் சொன்னார். சொல்லும்போதே தொண்டை கரகரத்தது.

"அது வெளி நம்பர் இல்ல மாமா. உங்க மெஷினேதான். அந்த ரூம்ல வேற யாரு இருக்கா?"

யாருமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"ஹலோ? மாமா, கேக்கல... ஆங், இப்ப கேக்குது. ஓ, சரியாயிடுச்சா? நல்லது. வச்சிடறேன்."

அவர் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

மின்கம்பியைப் பிடுங்கினார். விசிறி நின்றது. திரை இருண்டது. சூட்டு வாசனையோடு இன்னொன்றும் கலந்திருந்தது. வெகுநேரம் பேசின வாயின் வாடை.

குரல் நிற்கவில்லை. இப்போது அது கைப்பேசியிலிருந்து மட்டும் வரவில்லை. மேசைக்கு முன்னாலிருந்து வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் ஓர் ஆளின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்திலிருந்து.

நாற்காலி கிறீச்சிட்டது.

அவர் கூடத்துக்கு ஓடிவந்தார். விளக்குப் போடக்கூடத் தோன்றவில்லை. அப்போதுதான் வாசல் கதவு திறந்தது. குடையை மடக்கிக்கொண்டே அவள் உள்ளே வந்தாள்.

"நனைஞ்சுட்டியாம்மா?" என்றது பின்னறைக் குரல். "உள்ள வா. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

அவள் முகம் அப்படியே இளகிப்போனது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஓரடி எடுத்து வைத்தவள், இருட்டில் நின்ற அவரைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"யாரது? நீங்களா? அப்ப உள்ள யாரு?"

அவர் கைகளை ஆட்டினார். வாய் திறந்து திறந்து மூடியது.

"அது நான் இல்ல," என்றது குரல். "என் குரல் உனக்குத் தெரியாதா? சீக்கிரம் வந்து கதவைச் சாத்திக்கோ."

அவள் அவரையே பார்த்தாள். "ஒரு வார்த்தை பேசுங்க. திட்டவாவது செய்யுங்களேன்!"

வரவில்லை. அத்தனை வருஷம் வண்டி வண்டியாகக் கொட்டிய வசவில் ஒன்றுகூட வரவில்லை. அவள் கையைப் பிடித்தார். அவள் அலறி, உதறிக்கொண்டு, பின்னறைக்குள் ஓடினாள்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

அமைதி.

அவர் தோளால் கதவில் மோதினார். மறுபடி மோதினார். அசையவில்லை. கையிலிருந்த கைப்பேசி வெளிச்சமானது.

"நேயர்களே," என்றது அவர் குரல், "இன்றைக்கு என்னோடு என் மனைவியும் பேசப்போகிறார்."

அவள் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமான சிரிப்பு. "இவர் எப்பவுமே இப்படித்தான்," என்று கைப்பேசியில் கொஞ்சினாள். "என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல."

கதவுக்கு அந்தப் பக்கம், அடிப்பலகையில், வளையல்கள் குலுங்க, இரண்டு கைகளின் நகங்கள் வெறிபிடித்தாற்போல் பிறாண்டிக்கொண்டிருந்தன. கத்தல் மட்டும் வரவில்லை.