சாப்பிட வாங்க

அந்த ஆள் பதில் சொல்லவில்லை. கார்த்திகாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வீட்டின் முன்பக்கச் சிமெண்டுத் தரையில் பாய் விரித்து நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கடலை ஒட்டின மணலில் யாரோ நடந்து போனார்கள். கையில் டார்ச் இல்லை, செல்போன் வெளிச்சமும் இல்லை. முதல் வாய் சோற்றைப் பிசையும்போது அந்த உருவம் கண்ணில் பட, கார்த்திகா யோசிக்காமலே "வாங்க, சாப்பிடலாம்" என்றாள். ராஜபாளையத்தில் சோற்றில் கை வைத்திருக்கும்போது எதிர்ப்படுகிற யாரையும் அப்படிக் கூப்பிடாமல் இருக்க முடியாது. தபால்காரரையும் கூப்பிடுவார்கள், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரையும் கூப்பிடுவார்கள். அவர்களும் "இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். கூப்பிட்டதை நம்பி ஒருவர் வந்து உட்கார்ந்ததாக அவள் கேள்விப்பட்டதே இல்லை.

இந்த ஆள் நடையை நிறுத்தினான். வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"ராஜபாளையத்து உபசாரம் கடல் வரைக்கும் வந்துட்டு," என்று முத்துப்பேச்சி சிரித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கார்த்திகாவுக்கு அடுத்த மேஜையில் டைப் அடிக்கிறவள், எதையும் கேலி பண்ணாமல் விடமாட்டாள். "இருக்கதே நாலு துண்டு சீலா மீனு. அந்தாளு வந்தா ஒன் பங்கைத்தான் குடுக்கணும், பாத்துக்க."

அதே கோர்ட்டில் வேலை பார்க்கிற பியூலா சிரிக்கவில்லை. வேம்பாருக்குத் தெற்கே ஒற்றையாக நின்ற இந்த வீடு அவளுடைய சித்தப்பாவினுடையது. ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகலாம் என்று கூட்டி வந்தவளே அவள்தான்.

"ஏட்டி, இங்க ராத்திரில கடல் பக்கம் பாத்து யாரையும் சாப்பிடக் கூப்பிட மாட்டாவ," என்றாள் தணிந்த குரலில்.

"ஏன்?"

"சித்தி சொல்லும். ஏன்னு நான் கேட்டதில்ல."

நாலாவது ஆள் கார்த்திகாவின் தங்கை வெங்கடேஸ்வரி, வீட்டில் ஈஸ்வரி. எட்டு மாதத்துக்கு முன்னால் மதுரை ரோட்டு விபத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். அன்றிலிருந்து மூன்று வாய்க்கு மேல் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. தூக்கத்திலிருந்து எழுந்து தெருக்கதவைத் திறந்துகொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவாள். ஒரு தடவை கண்மாய்க் கரையிலிருந்து கூட்டி வந்தார்கள். அவளை அனுப்ப அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் ஒம் மகளைக் கொண்டாந்து ஒங் கையில ஒப்படைக்கேன், போதுமா?" என்று கார்த்திகா வாக்குக் கொடுத்த பிறகுதான் சரி என்றாள். அப்படியும் கார் கதவைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி மட்டும் கண்ணசந்துராத தாயி" என்றாள்.

மறுபடி நிமிர்ந்து பார்த்தபோது அந்த ஆள் பக்கத்தில் வந்துவிட்டிருந்தான். நடந்து வந்ததை யாரும் பார்க்கவில்லை. பல்பு வெளிச்சம் மணலில் முடிகிற இடத்துக்கு ஓர் அடி அப்பால், முகம் தெரியாமல், கை இரண்டையும் தொங்கவிட்டு நின்றான். அலைச் சத்தம், அடுக்களையில் சரியாக மூடாத குழாய், முத்துப்பேச்சியின் வளையல் உரசல், எல்லாவற்றுக்கும் அடியில் ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் ஒன்று விட்டுவிட்டுக் கேட்டது. மீன் குழம்பின் வாசனையை மீறி, நாள்பட்ட பழைய சோற்று நீச்சுத்தண்ணியும் பாசியும் கலந்தாற்போல ஒரு புளித்த வாடை வந்து கார்த்திகாவின் தொண்டையில் படிந்தது. கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள்.

"அண்ணாச்சி யாரு?" என்று முத்துப்பேச்சி கேட்டாள். இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

ஈஸ்வரி எழுந்தாள். தன் தட்டில் சோற்றை அள்ளி வைத்தாள், குழம்பை ஊற்றினாள், மீன் துண்டை எடுத்து ஓரத்தில் வைத்தாள். கொண்டுபோய் வெளிச்சத்தின் விளிம்பில் வைத்துவிட்டு வந்தாள்.

"கூப்பிட்டாச்சுல்லக்கா. கூப்பிட்டுட்டுப் போடாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

எட்டு மாதத்தில் அவள் இவ்வளவு பேசியதில்லை. கார்த்திகாவுக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. பயம் அதற்குப் பின்னால் வந்தது.

பியூலா எல்லோரையும் உள்ளே தள்ளிக் கதவைத் தாழ் போட்டாள். ஜன்னல்களையும் சாத்தினாள். சுவரோரம் உட்கார்ந்து வாய்க்குள் ஜெபம் சொன்னாள். வெளியே சோறு பிசைகிற சத்தம் கேட்டது. தட்டை வழிக்கிற சத்தம். ஒரு தட்டுச் சோற்றை எவ்வளவு நேரம் தின்ன முடியும்? அரை மணி ஆயிற்று. பிசைகிற சத்தம் நிற்கவில்லை. பெருகியது. ஓர் ஆள் தின்கிற சத்தமாக அது இல்லை.

விளக்கை அணைக்காமல் கூடத்திலேயே படுத்தார்கள். தங்கையைச் சுவரோரமாகப் படுக்கவைத்து, அவள் மணிக்கட்டைக் கார்த்திகா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஈஸ்வரி கண்ணை மூடவில்லை.

"பசிக்குக்கா," என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கார்த்திகா எட்டு மாதமாக வேண்டாத தெய்வமில்லை. இன்றைக்குப் பார்த்தா இவள் இதைச் சொல்ல வேண்டும்?

"செத்த நேரம் பொறுத்துக்க. விடிஞ்சதும் இட்லி வாங்கித் தாரேன்."

"சரிக்கா."

கார்த்திகா கண்ணசந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. விழித்தபோது வெளியே சத்தம் இல்லை. கையில் மணிக்கட்டு இல்லை. மற்ற இருவரும் சுருண்டு தூங்கினார்கள். கதவு திறந்து கிடந்தது.

ஓடினாள். மணல் சில்லென்றிருந்தது. தங்கையின் பெயர் வாய் வரை வந்தது. இருட்டைப் பார்த்து யாரையும் கூப்பிடப் பயமாக இருந்தது.

கடலோரத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு முதுகு காட்டி. சம்மணம் போட்டு. ஆணும் பெண்ணுமாக, ஒரே வரிசையில். அலை மடியில் ஏறி இறங்கியது. யாரும் அசையவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் ஈரமணல் குவிந்திருந்தது. எல்லாக் கைகளும் ஒன்றாக இறங்கின. பிசைந்தன. வாய்க்குப் போயின.

நடுவில் ஈஸ்வரி.

கார்த்திகா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். ஈஸ்வரி மெதுவாகத் திரும்பினாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கல்யாணத்தன்று பார்த்த முகம் அது, அத்தனை நிறைவு. மென்றாள். விழுங்கினாள். உதட்டோரம் மணல் வழிந்தது.

"உக்காருக்கா, சாப்பிடு," என்றாள்.

பக்கத்திலிருந்த ஆள், தலையைத் திருப்பாமலே, சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். அவனுக்கு அடுத்தவள் தள்ளி உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்தவர். ஈஸ்வரிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விழுந்தது. ஈரத்துணி மணலில் உரச, ஒருவர் பின் ஒருவராக நகர்கிற சத்தம் வரிசை நெடுகக் கரையோரமாக இருட்டுக்குள் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது.