ஒரு மூச்சு விட்டு விசில்

தெருமுனை மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டம் என்றால் நடுவர் விசில் தாத்தாதான். அவருடைய பேத்தி கோல்கீப்பர். பிடித்த பந்தை விடமாட்டாள் என்பதால் அவளுக்கு உடும்பு என்று பெயர்.

அன்று வம்பு வந்துவிட்டது. எதிர் அணியின் கோல் கோட்டருகே பந்து உருண்டது. "கோல்" என்று பாதிப் பேரும், "இல்ல" என்று மீதிப் பேரும் கத்தினார்கள். தாத்தா திருதிருவென்று விழித்தார். பிறகு கோல் என்று விசில் ஊதினார். பந்து கோட்டைத் தாண்டவே இல்லை.

"பேத்தி டீம்னா பந்து தானா உள்ள போயிடும் போல," என்றான் எதிர் அணித் தலைவன் குதிரை. "அடுத்த வாரம் எங்க அண்ணன் ஊதட்டும்."

வீட்டுக்கு வந்ததும் தாத்தா விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இனிமே நான் வரலம்மா."

"வேற கண்ணாடி போட்டா சரியாயிடுமா தாத்தா?"

"போன மாசம்தான் புதுசு போட்டேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு. பாத்தது புத்திக்கு வந்து சேரத்தான் நேரமாகுது."

அம்மாவுக்கு மருத்துவமனையில் மூளையைப் படம் பிடிக்கும் இயந்திரத்தில் வேலை. உடும்பு சமையலறைக்கு ஓடினாள்.

"கண்ணு நல்லா இருந்தும் ஏம்மா தாத்தாவுக்கு இப்படி?"

"கண்ணு படத்த அனுப்பும், அவ்வளவுதான். அது என்னன்னு புரிஞ்சுக்கறது மூளை. பின்மண்டைல அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு," என்றாள் அம்மா, வெங்காயம் நறுக்கியபடி. "அந்த வேலைக்கு ரத்தம் வேணும். ரத்தம் கொண்டுவர்ற சர்க்கரையும் காத்தும் வேணும். வயசானா ரத்தம் கொஞ்சம் கம்மியா போகும். வேலை மெதுவாகும். சுத்தி கூச்சலும் கூட்டமும்னா இன்னும் கஷ்டம்."

"மெதுவான்னா தப்பாவா?"

"மெதுவான்னா மெதுவா. அவ்வளவுதான்."

உடும்பு விடவில்லை. தரை ஓடுகளுக்கு இடையே இருந்த ஒரு கோட்டைக் காட்டி, பந்தை உருட்டினாள். தாத்தா ஒரு கணம் யோசித்துத் தாண்டியதா இல்லையா என்று சொன்னார். எல்லாமே சரி. பிறகு தம்பி வாலுவைக் கத்தச் சொன்னாள். அதற்கென்றே பிறந்தவன் அவன். வீடே அதிர்ந்தது. தாத்தாவின் பதில்கள் தடுமாறின.

மறுநாளே அவள் குதிரையிடம் போனாள்.

"பந்து கோட்டுக்கிட்ட வந்தா யாரும் வாயத் தொறக்கக் கூடாது. தாத்தா ஒரு மூச்சு விட்டுட்டு ஊதுவாரு. கத்துற டீமுக்குத் தண்டனை."

"சரி. ஒரு தடவ தப்பானாலும் எங்க அண்ணன்தான்."

தாத்தாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் உடும்புக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஞாயிறு ஆட்டம் சமநிலையில் முடியப்போனது. குதிரை கடைசியாக ஒரு உதை விட்டான். உடும்பு பாய்ந்தாள். பந்து வயிற்றுக்கு அடியில் நழுவியது. சட்டென்று இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மைதானமே வாயைப் பொத்தி நின்றது. யாருக்கோ விக்கல் எடுத்தது. அவன் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டான்.

தாத்தா மூச்சை இழுத்தார். மெதுவாக விட்டார். பேத்தியை ஒரு முறை பார்த்துவிட்டு ஊதினார்.

"கோல்."

"அது உள்ள போகல," என்று முனகினான் உடும்பின் அணிக்காரன் ஒருவன்.

"போச்சுடா. கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் புடிச்சேன்," என்றாள் உடும்பு.

குதிரை தலையைச் சொறிந்தான். "அடுத்த வாரமும் நீங்கதானே தாத்தா?"

தோற்ற அணியில் அன்று சிரித்துக்கொண்டே வீடு போனது உடும்பு ஒருத்திதான்.